வெடிக்குமா, டீச்சர்?

1. எனக்கு ஒரு பேஷண்ட்

காலையில் லேபைத் திறந்து பம்பை ஓடவிட்டு, குழாயில் எங்காவது காற்றுக்குமிழி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் செய்தார்.

"மேடம், ஒங்களத் தேடி ஒரு பேஷண்ட் வந்திருக்காவ. உள்ள விடவா?"

நான் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம் எடுப்பவள். என்னைத் தேடி பம்ப் ரிப்பேர் பார்ப்பவர் வருவார். கிளிசரின் கேன் ஏற்றிக்கொண்டு ஆட்டோ வரும். அரியர் வைத்த பையனின் அப்பா வருவார். பேஷண்ட் வந்ததில்லை.

"ஆள் மாறி வந்திருப்பாங்கண்ணே. ஹெல்த் சென்டருக்கு அனுப்புங்க."

"இல்ல மேடம். பேப்பர கையிலயே வச்சிருக்காவ. மூளை மெஷின் டீச்சரத்தான் பாக்கணும்ங்காவ."

பேப்பர் என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் ஹெச்.ஓ.டி.யின் வேலை. முந்தைய வாரம் லேபுக்கு வந்து, "நம்ம ஆராய்ச்சிய ரெண்டு வரியில சொல்லுங்க மேடம்" என்று கேட்டார். சொன்னேன். அந்த இரண்டு வரியை அவர் தன் பாணியில் இருபது வரியாக்கி நிருபர்களுக்கு அனுப்பியிருக்கிறார். மாவட்டச் செய்திப் பக்கத்தில், கோட் போட்ட அவர் படத்தோடு வந்திருந்தது: 'மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதை முன்கூட்டியே சொல்லும் கருவி.'

நான் சொன்ன இரண்டு வரியில் 'முன்கூட்டியே' இல்லை. 'சொல்லும்' இல்லை. 'கருவி'கூட இல்லை.

முன்னால் ஓர் அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியோரத்தில் ஆறிக்கொண்டிருந்த தையல் தழும்பு. பின்னால் ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் கணவர். அந்த அம்மாளைக் கனகமணி என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். அவர் உண்மைப் பெயர் இதுவல்ல.

கனகமணி நேராக மேசைக்கு வந்து, "நீங்கதான டீச்சர்? எனக்குத் தலையில முட்ட மாதிரி ஒண்ணு இருக்காம். அது வெடிக்குமா வெடிக்காதான்னு ஒங்க மெஷின்ல போட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டா நாங்க பதினொரு மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்றார்.

கல்லூரியில் நான் எல்லோருக்கும் மேடம். ஆனால் அன்றிலிருந்து கடைசி வரை அவருக்கு நான் டீச்சர்தான்.

2. அந்த லேபில் உண்மையில் நடப்பது

இளையவர்கள் படிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

சைக்கிள் டியூபில் ரப்பர் நைந்துபோன இடம் காற்றடித்தால் புடைத்துக்கொண்டு வருமே, அப்படி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயிலும் ஓரிடம் பலவீனமாகிப் பைபோலப் புடைக்கலாம். அனியூரிசம் என்பார்கள். நிறையப் பேருக்கு அது ஒன்றும் செய்யாமல் ஆயுசு முழுக்க அப்படியே இருக்கும். சிலருக்கு வெடிக்கும். வெடித்தால் பிழைப்பது கஷ்டம். யாருக்கு வெடிக்கும் என்று முன்னதாகத் தெரிந்துகொள்ள உலகமெங்கும் முயற்சி நடக்கிறது. அந்தப் பைக்குள் ரத்தம் எப்படிச் சுழல்கிறது, சுவரை எங்கே உரசுகிறது என்று பார்ப்பது அதில் ஒரு சின்னப் பகுதி. அந்தச் சின்னப் பகுதியின் ஒரு மூலையில் எங்கள் லேப் இருக்கிறது.

மதுரையில் ஒரு டாக்டர் ஸ்கேன் படங்களைப் பெயர் நீக்கி எங்களுக்குத் தருவார். அதிலிருந்து ரத்தக்குழாயின் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து, தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்கில் த்ரீ-டி பிரிண்டரில் அச்சடிப்போம். அதைச் சுற்றிச் சிலிக்கோனை ஊற்றி இறுகவிட்டு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டால், கண்ணாடிக் கட்டிபோல ஒன்று கிடைக்கும். அதற்குள் ரத்தக்குழாயின் வடிவில் வெற்றிடம் இருக்கும். கிளிசரினும் தண்ணீரும் கலந்த திரவத்தை, நாடி துடிப்பதுபோல் விட்டுவிட்டுத் தள்ளும் பம்பால் அதற்குள் ஓடவிடுவோம். திரவத்தில் மிதக்கும் பொடித் துகள்கள் மேல் லேசர் அடித்து, வேகமாகப் படம் பிடிக்கும் கேமராவில் அவற்றின் ஓட்டத்தைப் பதிவு செய்வோம்.

எழுத எளிது. கிளிசரின் இனிக்கும், அதனால் லேபில் எறும்பு. கேமராவில் பார்த்தால் சுழலுக்கு நடுவே எறும்புக்கால் ஒன்று நீந்தும். சூடு ஏறினால் கிளிசரின் இளகி அளவெல்லாம் மாறிவிடும். அதனால் ஏசி நிற்கக் கூடாது. லேப் அசிஸ்டென்ட் குருசாமிக்கோ ஏசி ஓடினால் மனசு கேட்காது. "யாருமே இல்லாத ரூம்ல எதுக்கு மேடம் கரண்ட வீணாக்கணும்?" என்று அணைத்துவிட்டுப் போவார். அவர் அணைக்காத நாளில் அய்யனார் கோவில் பக்கம் மலையில் இடி இடிக்கும், மின்சாரம் தானாகப் போகும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் ஒரு காற்றுக்குமிழி வந்து பைக்குள் குந்திக்கொள்ளும். குமிழி இருந்தால் அன்றைய பதிவு முழுக்கக் குப்பைதான்.

இவ்வளவையும் தாண்டி நாங்கள் கண்டுபிடித்திருப்பது மிகவும் கொஞ்சம். அதில் 'வெடிக்குமா' என்பதற்கு விடை கிடையாது. சிலிக்கோன் சுவர் மனிதச் சுவர் இல்லை. அது நோகாது, நையாது, வயதாகாது.

3. திரும்பத் திரும்ப

இதைத்தான் கனகமணியிடம் சொன்னேன். சைக்கிள் டியூபை வைத்துச் சொன்னேன். பலகையில் படம் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி டீச்சர். வெடிக்குமா வெடிக்காதா?" என்றார்.

தளவாய்புரத்தில் அவர் வீட்டிலேயே எட்டு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறார். கணவர் தங்கராசு துணி வெட்டிக் கொடுப்பார். ஸ்கூட்டரில் சரக்குக் கொண்டுபோகும்போது சேத்தூர் ரோட்டில் நாய் குறுக்கே வந்ததில் கனகமணி விழுந்திருக்கிறார். தலையில் அடி என்று ஸ்கேன் எடுத்ததில், அடிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இந்தப் பை தெரிந்திருக்கிறது. மதுரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பார்த்தவர் எங்களுக்கு ஸ்கேன் தரும் அதே டாக்டர். வடிவமும் இடமும் சரியில்லை, அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல, குழாய்க்குள் வலை போன்ற ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த அம்மாள், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வந்துவிட்டார். வந்த இடத்தில் பேப்பரைப் பார்த்திருக்கிறார்.

"டாக்டரே சொல்லிட்டாரும்மா. பொறவு என்ன யோசனை?"

"அவிய படம் பாத்துச் சொல்லுதாவ. ஒங்க மெஷின் ஓட்டிப் பாத்துல்லா சொல்லும்."

"அது சொல்லாதும்மா."

"பேப்பர்ல போட்டிருக்கே."

"பேப்பர் தப்பு."

"நாளைக்குப் பேப்பர்ல 'தப்பு'ன்னு போடச் சொல்லுங்க, போயிருதேன்."

ஹெச்.ஓ.டி.யிடம் போய் மறுப்பு அனுப்பச் சொன்னேன். "நல்ல செய்திக்கு யாராவது மறுப்பு குடுப்பாங்களா மேடம்?" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்குச் சரக்குப் போடும் நாளெல்லாம் திரும்பும் வழியில் கனகமணி கல்லூரியில் இறங்கிவிடுவார். லேப் வாசல் பெஞ்சில் உட்காருவார். குருசாமியிடம் கதை பேசுவார். அவர் பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. நான் உள்ளே கேமராவை ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருக்கும்போது, யாருக்குப் பெண் பார்த்தது, எந்தக் கடைக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பியது, எல்லாம் கதவிடுக்கு வழியாக வரும். இடையிடையே, "டீச்சர், இன்னைக்காவது நம்ம ஸ்கேன் சிடியப் போட்டுப் பாத்தியளா?"

கடைசியில் டாக்டருக்கே போன் செய்து புலம்பினேன். அவர் சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"என்கிட்டயும் அதத்தான் சொல்றாங்க மேடம். டீச்சர் மெஷின் பாத்தாத்தான் அட்மிட் ஆவேன்னு. ஒரு மாடல் பண்ணிக் காட்டிருங்க. கண்ணால பாத்தா பயம் வரும், தானா வந்திருவாங்க."

"டாக்டர், அதுல எதுவும் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்க நம்புறாங்கள்ல? அவங்க சம்மதம், எங்க ஆஸ்பத்திரி கமிட்டி அனுமதி எல்லாம் நான் பாத்துக்கிடுறேன்."

4. நெல்லிக்காய்

அந்த மாடல் என்னைப் படுத்திய பாடு இதுவரை எதுவும் படுத்தியதில்லை. முதல் அச்சு, குழாய் வளையும் இடத்தில் முறிந்தது. இரண்டாவதில் சிலிக்கோன் இறுகும்போது குமிழி கட்டிக்கொண்டது. மூன்றாவது நன்றாக வந்தது. உள்ளே பிளாஸ்டிக் கரைவதற்குள் அவசரப்பட்டுக் குச்சி விட்டுக் குடைந்து குருசாமி கீறல் போட்டார். "சீக்கிரம் முடியட்டும்னுதான் மேடம். பாவம், அந்தக்கா தெனமும் வருது" என்றார். அந்தக்காவோ போனில், "டீச்சர், என் தலை ரெடியாயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

ஒருவழியாக நான்காவது கட்டி தேறியது. கணவனும் மனைவியும் வந்தார்கள். கனகமணி பட்டுச்சேலை கட்டியிருந்தார். கட்டியைக் கையில் கொடுத்தேன். அதற்குள் இருந்த பையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"ஏ அம்மா! இம்புட்டுப் பெருசா? நெல்லிக்கா கணக்கால்லா இருக்கு!"

"இது நாலு மடங்கு பெருசாப் பண்ணுனதும்மா. ஒங்க தலையில இருக்கது இதுல நாலுல ஒரு பங்குதான். பாக்க வசதியா இருக்கணும்னு..."

"அப்ப மொச்சக்கொட்ட கூட கெடையாதா?" போன ரத்தம் உடனே முகத்துக்குத் திரும்பிவிட்டது. "ஏங்க, கேட்டியளா? சின்னதுதானாம்."

டாக்டர் எதிர்பார்த்த பயம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. விளக்கை அணைத்து லேசரைப் போட்டேன். பச்சை வெளிச்சத்தில் துகள்கள் மின்னிக்கொண்டு குழாயில் பாய்ந்தன. துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் பிரிந்து பைக்குள் நுழைந்து, சுவரோரமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தன. கனகமணி பேசாமல் பார்த்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தங்கராசு கைகூப்பிக்கொண்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அது கிளிசரின்.

பிறகு கனகமணி சொன்னார்: "அமைதியாத்தான டீச்சர் சுத்துது. பயமாவே இல்ல."

"மெதுவாச் சுத்துனா நல்லதுன்னு அர்த்தம் இல்லம்மா. வேகமா அடிச்சாலும் சுவர் கெடலாம். மெதுவாத் தேங்குனாலும் கெடலாம்."

"அப்ப எப்படிச் சுத்துனாத்தான் நல்லது?"

"அதத்தான் ஆராய்ச்சி பண்ணுறோம்."

"இன்னும் பண்ணி முடிக்கலையாக்கும்?"

எங்கள் துறையின் நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்டதில்லை. நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. ஹெச்.ஓ.டி. ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"வாங்கம்மா வாங்க! பாத்தீங்களா நம்ம காலேஜ் சாதனைய? ஃப்ளோ எவ்வளவு ஸ்மூத்தாப் போகுது பாருங்க. ஒண்ணும் ஆபத்தில்ல. தைரியமா இருங்க!"

"சார்," என்றேன்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கேமராவப் பாத்து."

"சார்!"

கனகமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தார். "டீச்சர் நல்லா இருக்கணும். சாரும் நல்லா இருக்கணும். எனக்குப் பயம் போயிருச்சு" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து, "சார் சொல்லுறது சரியில்லம்மா, நீங்க மதுரைக்குப் போகணும்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் கடைசி பெஞ்ச் அப்படித்தான் தலையாட்டும்.

அவர்கள் போனதும் ஹெச்.ஓ.டி.யிடம் சண்டை போட்டேன். "ஒரு பாசிட்டிவான வார்த்தை சொன்னேன் மேடம், அதுல என்ன போச்சு?" என்றார்.

5. கார் எடுத்துக்கொண்டு

என்ன போயிற்று என்பது அடுத்த வாரம் தெரிந்தது. டாக்டரிடமிருந்து போன்.

"மேடம், உங்க காலேஜ்ல யாரு ஆபத்தில்லன்னு சொன்னது? அந்தம்மா அட்மிஷன் வேண்டாம்னுட்டாங்க. வீடியோ அனுப்பியிருக்காங்க எனக்கு. அந்த இடம் நல்லா இல்ல மேடம். நான் சும்மா சொல்லல."

நான் போனை வைத்துவிட்டு ஹெச்.ஓ.டி. அறைக்குப் போனேன். அங்கே யாரோ இருந்தார்கள், பார்க்கவில்லை.

"சார், கார் சாவி எடுங்க. தளவாய்புரம் போறோம்."

"இப்பவா? எனக்கு மீட்டிங்..."

"அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல மறுபடியும் உங்க படம் வரும் சார்."

சாவியை எடுத்தார். ராஜபாளையம் தாண்டியதும் அவர், "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கோபத்தில் வரும் அழுகை. நல்லதுக்குச் சொல்லும் ஆட்களால்தான் என் வேலை நாட்களில் பாதி வீணாகியிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பூப்போட்ட துணி மலையாகக் கிடந்தது. கனகமணி எங்களைக் கண்டதும் மகிழ்ந்துபோய் நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொல்லி, தைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் எங்களை அறிமுகம் செய்து, அந்த வீடியோவையும் எங்களுக்கே போட்டுக் காட்டினார்.

நான் ஹெச்.ஓ.டி.யைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அது வந்து... அன்னைக்கு நான் தெரியாமச் சொல்லிட்டேன். அந்த மாடல வச்சு ஆபத்து இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது."

"தெரியாமச் சொன்னியளா? அப்ப டீச்சருக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன்.

"ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னு சொல்லதுக்கா கார் எடுத்துட்டு வந்திய?"

மெஷின்காரப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. முப்பது வருடமாக வகுப்பில்கூட நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று கத்திவிட்டேன்.

"ஆமா, தெரியாது! ஒலகத்துல எவனுக்கும் தெரியாது! இனிமே அந்தக் கேள்வியக் கேக்காதிய. டாக்டர் சொல்லிட்டாரு, ஒங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, நான் சொல்லிட்டேன். பொறவும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கிய? அத மட்டும் சொல்லுங்க!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தங்கராசு மெதுவாக, "அது மேடம், எங்க அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க செத்த சும்மா இருங்க," என்றார் கனகமணி. கையில் இருந்த நைட்டியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"எங்க மைனிக்கு, இவிய அக்காவுக்கு, தலையில ஆபரேசன் பண்ணுனாவ டீச்சர். உசுரு பொழச்சுது. பேச்சு போயிருச்சு. இந்த வீட்டுலதான் கெடந்துச்சு, நாந்தான் பாத்தேன். கைய ஆட்டும். தண்ணியக் காட்டுவேன், இல்லங்கும். போர்வையக் காட்டுவேன், இல்லங்கும். ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுவேன். கடசில அதுவும் அழும், நானும் அழுவேன். என்ன கேட்டுச்சுன்னே தெரியாமப் போன நாளு எத்தனையோ." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெடிச்சா ஒரேயடியாப் போயிருவேன். அப்படிக் கெடக்க என்னால ஏலாது. அதான், வெடிக்காதுன்னு யாராவது சொல்லிட்டா போதும்னு அலையுதேன்."

ஹெச்.ஓ.டி. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் சுழல் வேகம், சுவர் உரசல் என்று நான் விளக்கிக்கொண்டிருந்த எதுவும் இந்த அம்மாள் கேட்டதற்குப் பதிலே இல்லை.

நான் டாக்டரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, "டாக்டர், இவங்களுக்குப் பேச்சு போயிருமோன்னு பயம். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன்.

அவர், "இத ஏம்மா என்கிட்ட மொதல்லயே கேக்கல?" என்றார்.

"நீங்க கேக்க விட்டாத்தான," என்றார் கனகமணி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தலையைத் திறக்கப்போவதில்லை. தொடைவழியாக மெல்லிய கம்பியை மேலே கொண்டுபோய் வலையை வைப்பார்கள். பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடதுபக்கம் இருக்கும். இவருக்குப் பை இருப்பது வலதுபக்கம். அதனால் பேச்சுக்கு ஆபத்து குறைவு.

"கொறைவுன்னா? இல்லவே இல்லன்னு சொல்லுங்க சார்."

"சொல்ல மாட்டேன்மா. கை கால் பாதிக்க வாய்ப்பிருக்கு, பேச்சு பாதிக்கவும் கொஞ்சம் வாய்ப்பிருக்கு. ஆனா சும்மா விட்டா அதவிட ஆபத்து அதிகம்ங்கிறது என் கணிப்பு. கணிப்புதான். முடிவு உங்களோடது."

கனகமணி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "இந்தா, ஒருத்தராவது மூடி மறைக்காமப் பேசுதாவ" என்றார்.

இதே 'சொல்ல முடியாது' என்பதைத்தான் கோடை விடுமுறைக்கு முன்னாலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிப் பயனில்லை. பேசாமல் கலரைக் குடித்தேன்.

6. மொத வார்த்தை

மதுரையில் கனகமணிக்கு வலை வைத்த நாளில் நான் லேபில் எந்த வேலையும் செய்யவில்லை. பம்ப் ஓடியது. பழக்கத்தில் ஓடவிட்டிருந்தேன். கனகமணியின் மாடல் அப்படியே மாட்டியிருந்தது. துகள்கள் பைக்குள் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தன. இத்தனை வருடம் பார்த்த அதே காட்சிதான்; அன்று அதைப் பார்க்க முடியவில்லை. கருப்புத் துணியை எடுத்து மூடினேன். குருசாமி ஏசியை அணைக்கவில்லை. வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்குப் பிறகு தங்கராசு கூப்பிட்டார்.

"மேடம். முடிஞ்சிருச்சு. பேசுதா."

"என்ன பேசுனாங்க?"

"மொத வார்த்தையே ஏச்சுதான் மேடம். துணி கட்டிங்க விட்டுட்டு இங்க எதுக்கு நின்னு அழுதுக்கிட்டிருக்கியன்னு."

நான் பம்பை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். குருசாமி எட்டிப் பார்த்து, "மேடம், அந்தக்கா பேசுதா?" என்றார். ஆமாம் என்றேன். "இனி நிறுத்த முடியாது" என்றார்.

சில வாரம் கழித்து கனகமணி வந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. இரண்டையும் பற்றி நிறையக் குறைசொன்னார். எனக்கு மூன்று நைட்டி கொடுத்தார். மூன்றும் என்னைப்போல் இரண்டு பேர் நுழையும் அளவு. "டீச்சருக்கு வெயிட்டு போடும்னு பாத்துத் தச்சேன்" என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க டீச்சர். வைக்காம விட்டிருந்தா வெடிச்சிருக்குமா?"

"தெரியாதும்மா. இனி எப்பவுமே தெரியாது."

"இம்புட்டுப் படிச்சு என்னத்தக் கிழிச்சிய," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. டீச்சர் மெஷின்தான் தன்னைக் காப்பாற்றியது என்று தளவாய்புரம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை என்று நான் போனில் சொன்னதற்கு, "ஒங்களுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்றார். சேத்தூரிலிருந்து ஒருவர் மூட்டுவலி எக்ஸ்ரேயோடு வந்தார். மகாராஜபுரத்திலிருந்து ஒருவர் கிட்னிக் கல்லோடு வந்தார். கல்லைக் காகிதத்தில் மடித்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். 'இங்கு நோயாளிகளைப் பார்ப்பதில்லை' என்று கதவில் பலகை மாட்டினேன். ஹெச்.ஓ.டி. அதைப் பார்த்து முகம் சுளித்தார், ஆனால் கழற்றச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நிருபர்களுக்கு ஏதாவது அனுப்புமுன் என்னிடம் காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் 'சாதனை' என்ற சொல்லை நான் அடிக்க வேண்டியிருக்கிறது.

லேப் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இரண்டு விஷயம். உங்கள் மாடல், நீங்கள் அதை எந்தக் கேள்விக்காகக் கட்டினீர்களோ அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வேறு கேள்வியோடு யாராவது வந்தால் 'தெரியாது' என்று சொல்லுங்கள்; நாலு பேர் கேட்கும்படி, பக்கத்தில் நிற்பவர் 'ஆபத்தில்லை' என்று சொல்வதற்கு முன்னால் சொல்லுங்கள். இரண்டாவது, தெரியாது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். தெரியாது, தெரியாது என்று சரியாகத்தான் சொன்னேன். எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பலகையைப் படித்துவிட்டும் ஆட்கள் வருகிறார்கள். இப்போது நான் சிடியை வாங்குவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எதுக்குப் பயப்படுதிய, அத மொதல்ல சொல்லுங்க" என்கிறேன். சொல்ல ஆரம்பித்தால் யாரும் சீக்கிரம் முடிப்பதில்லை. கேட்டுவிட்டு, எந்த டாக்டரிடம் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். பாதி நாள் இதிலேயே போய்விடுகிறது. என் அளவீடெல்லாம் பின்தங்கிக் கிடக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன்.